பாதிப் பூவுக்கு முழு மார்க்

ஆக்லாந்தில் என் மகள் தர்ஷினி படிக்கும் பள்ளிக்கூடத்தில் ஓர் அதிசயம் நடக்கிறது. ஓவிய வகுப்பில் ஓவியம் வரைகிறார்கள். நம்பமாட்டீர்கள், ஒரு நாள்கூடக் கணக்கு டீச்சர் கதவைத் தட்டி, இந்தப் பீரியடை எனக்குக் கொடுங்கள் என்று கேட்டதில்லை. பிள்ளை சட்டையெல்லாம் பெயிண்டாக வீட்டுக்கு வருகிறாள். துவைக்கிறவள் நான்.

சாத்தூர் பக்கம் நான் பத்தாம் வகுப்பு படித்தபோது வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடுக்கு டிராயிங் என்று பெயர், நடந்தது கணக்கு. பப்ளிக் தேர்வில் நம் மாவட்டம்தான் முதலில் வரவேண்டும் என்று ஹெட்மாஸ்டர் ஒற்றைக்காலில் நின்றார். டிராயிங் சாருக்கு மிஞ்சியது செம்பருத்தி மாதிரித் தேர்வுக்கு வரும் அறிவியல் படங்கள் மட்டும். இத்தனைக்கும் கலரை நம்பிப் பிழைக்கிற ஊர்கள் எங்களுடையவை. அப்பாவுக்குச் சிவகாசியில் லேபிள் அச்சடிக்கும் பிரஸ்ஸில் வேலை. வீணாய்ப்போன பட்டாசு லேபிள்தான் என் நோட்டுகளுக்கு அட்டை. வெளியே மயிலும் குதிரையும், உள்ளே வெறும் பென்சில். ஒருநாள் ஆசை தாங்காமல் செம்பருத்திக்குச் சிவப்பு அடித்துவிட்டேன். சார் பதறிப்போனார்.

"ஏத்தா, ஒன்னய யாரு கலர் அடிக்கச் சொன்னது? திருத்துறவுக மார்க்கக் கொறச்சிருவாக. பூவ ரெண்டா வெட்டு, பாதிய வரை, பாகத்தக் குறி. அம்புட்டுத்தான்!"

பாவம், அவருக்கும் அது பிடித்திருக்காது. ஆனால் தேர்வில் படத்துக்கு முழு மார்க் வந்தது.

போன வாரம் இங்கே பெற்றோரும் பிள்ளையும் வகுப்பிலேயே உட்கார்ந்து ஒரே தாளில் பூ வரையவேண்டும், அதை ஹாலில் மாட்டுவோம் என்றார்கள். தர்ஷினி வகுப்பு முழுக்கப் பீற்றி வைத்திருந்தாள், எங்கம்மா ஊரில்தான் வாணவேடிக்கையே செய்கிறார்கள், அவர் பூவைப் பாருங்கள் என்று. பிள்ளையின் மானத்தைக் காப்பாற்றியாக வேண்டுமே. அவள் தண்ணீர் பிடிக்கப் போயிருந்த நேரத்தில் என் கை தானாக ஸ்கேலை எடுத்து நாலு பக்கமும் மார்ஜின் போட்டது. நெடுக்காக வெட்டிய பாதிச் செம்பருத்தி, அல்லி வட்டம், சூலகம், அம்புக்குறி எல்லாம் கனகச்சிதம்.

ஓவிய வகுப்பு ஹெலன் டீச்சர் வந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு என் தோளைத் தொட்டு, "வீட்டில் எல்லாரும் நலந்தானே?" என்றார்.

"நலம்தான். எல்லாரும் சயின்ஸ் குரூப்" என்றேன். அவர் இன்னும் கவலையானார்.

தர்ஷினி தோழிகளோடு திரும்பினாள். தாளைப் பார்த்ததும் அவள் முகம் சுருங்கிவிட்டது.

"மீதிப் பூ எங்கேம்மா?"

"மீதி வேணாம்மா. பாதி வரைஞ்சாலே முழு மார்க்கு."

"யாரு மார்க் போடுவா?"

ஆளைத் தேடினேன். சுற்றிலும் மூக்கில் பெயிண்ட் அப்பிய அப்பாக்களும் அம்மாக்களும்தான் இருந்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அவள் நீலத்தை அள்ளி மீதிப் பூவை வரைய ஆரம்பித்தாள். ஒரு தோழி என் பக்கத்தைக் காட்டி, இது ஏன் இப்படியிருக்கிறது என்று கேட்டாள்.

"அது எங்கம்மா ஊர்ப் பாதி" என்றாள் தர்ஷினி, குரலில் கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

நீல இதழ் மார்ஜினைத் தாண்டி ஓடியது. "ஏ புள்ள, செம்பருத்தியில ஏது நீலம்? கோட்டுக்குள்ள அடி!" என்று கத்திக்கொண்டே, அந்த இதழ் விரிய இடம் போதாதென்று இன்னொரு தாளை எடுத்து அவள் பக்கம் ஒட்டிக் கொடுத்தேன்.