காடைகளுக்குக் காய்ச்சிய பாகு

நாற்பது காடைகளையும் அன்று காலை நான்தான் கொன்றேன். அக்காவால் முடியாது. உயிருள்ள எதையும் அவளால் அழுத்திப் பிடிக்க முடியாது. பிடித்தால் விரல்கள் தாமாகவே விரிந்துவிடும். அதனால் அவள் வெந்நீர் அண்டாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள், நான் கூடையின் பக்கத்தில்.

காடை கோழியைப் போல ஊரைக் கூட்டாது. கைக்குள் எடுத்தால் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். கத்தி தேவையில்லை, பெரிய கத்தரிக்கோல் போதும். ஒரே வெட்டு. தலை வாளிக்குள் விழுந்த பிறகும் சிறகு கொஞ்ச நேரம் என் மணிக்கட்டில் அடித்துக்கொண்டிருக்கும். முதல் ஐந்தாறு பறவைகளுக்கு மனசு என்னவோ செய்தது. பதினைந்தைத் தாண்டியதும் கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. சாதாரணமாகக் காடையைத் தோலோடு உரித்துவிடுவோம். இந்த ஆர்டருக்குத் தோல் இருந்தாக வேண்டும், தோலில்தான் பாகு ஒட்டும். வெந்நீரில் முக்கி ஒவ்வொரு இறகாகப் பிடுங்கினாள் அக்கா. இடது கையை மட்டும் உயர்த்தாமல் வேலை செய்தாள். அந்தப் பக்கத்துக் காறை எலும்பு உடைந்து சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

எலும்பை உடைத்தவர் அவள் புருஷன்.

அவரைப் பற்றிச் சொன்னால் முதலில் எல்லோரும் குடிகாரரா என்று கேட்பார்கள். இல்லை. ஒரு சொட்டுத் தொடமாட்டார். பெங்களூர் பீன்யாவில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டினார். ஞாயிற்றுக்கிழமை இஸ்திரி போட்ட சட்டையோடு மாதா கோயில் பூசைக்கு வந்து முன்வரிசையில் முழங்காலில் நிற்பார். என்னைப் பார்த்தால், "சாப்ட்டியாம்மா?" என்று கேட்பார். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தியதும் பெல்ட், சைக்கிள் செயின், ஒருமுறை குக்கர் மூடி. சத்தம் போடாமல் அடிப்பார் என்று அக்கா சொன்னாள். அடித்து முடித்ததும் கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்காருவாராம். எட்டு வருஷம். மூன்று முறை எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தாள். மூன்று முறையும் கோயிலில் பேசித் திருப்பி அனுப்பினார்கள். நாலாம் முறை அவள் வந்தபோது தோள் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. அதற்குள் அப்பா அம்மா இரண்டு பேரும் போய்விட்டார்கள். திருப்பி அனுப்ப வீட்டில் ஆளில்லை, நான் மட்டும்தான்.

ஆஸ்டின் டவுனில் எங்களுக்கு இரண்டு அறையும் பின்னால் ஷீட் போட்ட ஒரு சமையலறையும் இருந்தன. நான் கார்மென்ட்ஸ் வேலையை விட்டுவிட்டு கட்லெட், ரோஸ்ட், கிறிஸ்துமஸுக்கு கேக் என்று ஆர்டர் எடுத்துச் செய்துகொண்டிருந்தேன். அக்கா வந்த பிறகு பெரிய ஆர்டர்களும் எடுத்தோம். இந்தக் காடை ஆர்டர் ரிட்டயரான ஒரு ஹெட்மிஸ்ட்ரஸ் கொடுத்தது. அமெரிக்காவிலிருந்து மகள் வருகிறாள், அவள் அங்கே சாப்பிட்ட மாதிரியே வேண்டும் என்று பத்திரிகையிலிருந்து கிழித்த ஒரு பக்கத்தை நீட்டினார். அதிலிருந்த படத்தில் குட்டிப் பறவைகளை முழுசாகச் சுட்டு, மேலே பளபளவென்று ஏதோ பூசியிருந்தது. இலையுதிர் காலத்து விருந்தாம்.

"நமக்கு எங்கம்மா இலை உதிருது? மழைதான் கொட்டுது," என்றார் அவரே சிரித்துக்கொண்டு. "நீ எதையாவது போட்டு அந்தக் கலர் கொண்டா, போதும்."

அதில் எழுதியிருந்த சிரப் எதுவும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. நான் வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி, நம் ஊர்க் கறுப்புத் திராட்சைச் சாறும் துருவிய ஆப்பிளும் ஆரஞ்சுத் தோலும் பட்டையும் கொஞ்சம் வினிகரும் சேர்த்துக் காய்ச்சினேன். இரண்டு முறை செய்து பார்த்தோம். இரண்டாம் முறை அக்கா விரலை நக்கிவிட்டு, "இதுக்காகவே இன்னும் நாலு வருஷம் உயிரோட இருக்கலாம்டீ," என்றாள். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சை நான் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

அன்று பதினொன்றரை மணிக்கு முதல் பன்னிரண்டு காடைகள் வெந்து வெளியே வந்திருந்தன. தட்டில் வரிசையாகக் கிடந்தன, நூலால் கட்டிய கால்களோடு, செம்பு நிறத்தில். அடுத்த அடுக்குக்கான பாகு அடுப்பில் சிறு தீயில் காய்ந்துகொண்டிருந்தது. அப்போது பின்கதவைத் தள்ளிக்கொண்டு அக்கா புருஷன் உள்ளே வந்தார். வெள்ளைச் சட்டை, வாரிய தலை.

"பரவால்ல, வியாபாரம் நல்லா நடக்குது," என்றார். தட்டிலிருந்து ஒரு காடையை எடுத்து நின்றபடியே தின்றார். எலும்பை மென்று துப்பினார். "நல்லாருக்கு. உங்க அக்கா எனக்கு இதெல்லாம் செஞ்சு போட்டதேயில்ல."

"மாமா, ஆர்டர் சாமான் அது. வெளிய உக்காருங்க, பேசலாம்," என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. அக்காவிடம் மெதுவாகச் சொன்னார். "புடவைய மாத்திக்கிட்டு வா. போலாம்."

அக்கா சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றாள். "நான் வரல."

"என்னா?"

"வரலங்க. கோயில்ல வேணா கேளுங்க, போலீஸ்ல வேணா கேளுங்க. நான் வரமாட்டேன்."

எட்டு வருஷத்தில் அவள் அவரிடம் முடியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். அவர் கொஞ்ச நேரம் யோசிப்பது போல நின்றார். பிறகு தட்டைத் தூக்கித் தரையில் கவிழ்த்தார். செருப்புக் காலால் காடைகளை ஒவ்வொன்றாக மிதித்தார். அவசரமே இல்லை. ஒவ்வொன்றையும் மிதித்து எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்ட பிறகுதான் அடுத்ததுக்குப் போனார். மிதித்து முடித்துவிட்டு அக்காவின் தலைமுடியைப் பிடித்தார். உடைந்து சேர்ந்த தோளில் முழங்கையால் ஒரு குத்து. அவள் கத்தவில்லை, மூச்சு மட்டும் நின்று நின்று வந்தது. எரிந்துகொண்டிருந்த பக்கத்து அடுப்பை நோக்கி அவளை இழுத்துப் போனார்.

"எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டுடீ வரமாட்டேன்னு சொல்ற? அந்த மூஞ்சி உனக்கு வேணாம்."

அவள் முடி நுனி பொசுங்கும் நாற்றம் வந்தது.

இனி எழுதப்போவதை நான் போலீஸிடம் சொல்லவில்லை, சாமியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்திலும் முழுசாகச் சொல்லவில்லை. நான் பதறிப்போய் கையில் கிடைத்ததை வீசவில்லை. பாகுப் பாத்திரத்தின் கைப்பிடியைத் துணியால் சுற்றிப் பிடித்தேன். மேலே ஆடை மாதிரி படிந்திருந்தது. கரண்டியால் அடிவரை ஒருமுறை கலக்கினேன். மேலே ஆறியிருந்தாலும் அடியில் இருப்பது கொதிக்கும் என்று எனக்குத் தெரியும். வெந்நீர் பட்டால் வழிந்துவிடும், பாகு ஒட்டிக்கொள்ளும் என்றும் தெரியும். பெரிய பெரிய குமிழாக வெடித்தது. போதும் என்று தோன்றியது.

"அக்கா, உக்காரு!" என்று கத்தினேன்.

அடி விழும்போது சட்டென்று தரையில் சுருண்டுகொள்ளப் பழகிய உடம்பு அது. என்ன ஏது என்று பார்க்காமல் அப்படியே சரிந்தாள். ஒரு கொத்து முடி அவர் கையிலேயே நின்றுவிட்டது. நான் வீசினேன்.

கழுத்து, வலது தோள், கை. ஒரு நொடி அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். அப்புறம் வந்த அந்தக் கத்தலை அந்தத் தெருவே கேட்டது. துடைக்கிறேன் என்று இடது கையால் கழுத்தை வழித்தார், பாகோடு தோலும் சேர்ந்து வந்தது. அந்தக் கையிலும் ஒட்டிக்கொண்டது. தரையில் மிதிபட்ட காடைகளின் மேலேயே விழுந்து புரண்டார். பட்டையும் ஆரஞ்சும் மணத்தன. நான் காலிப் பாத்திரத்தைப் பிடித்தபடி நின்றேன். அவர் எழுந்தால் அதாலேயே மண்டையில் போடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

அக்காதான் எழுந்தாள். டிரம்மிலிருந்து தண்ணீரை மொண்டு மொண்டு அவர் மேல் ஊற்றினாள். "ஐயோ, ஆட்டோ கூப்பிடுடீ! நின்னுக்கிட்டு பாக்குறியே பாவி, ஆட்டோ கூப்பிடு!"

ஆட்டோக்காரர் ஈரத் துணி சுற்றிய அவரைப் பார்த்ததும், "ஏனாய்த்தம்மா, ஆசிடா?" என்று கன்னடத்தில் என்ன ஆச்சு என்று கேட்டார். "இல்லீங்க, சர்க்கரப் பாகு," என்றேன். அவர் வண்டியை எடுத்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்படி நடந்தது என்று அவரிடமே கேட்டார். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "பாத்திரம் கவுந்துடுச்சு," என்றார். பொம்பளை கையால் பட்டது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. டாக்டர் என்னைப் பார்த்தார், அக்காவின் பொசுங்கிய முடியைப் பார்த்தார், பிறகு அவர் சொன்னதையே எழுதிக்கொண்டார்.

வராந்தாவுக்கு வந்ததும் அக்கா என் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். நல்ல அடி. காது ரீங்கரித்தது. "வீட்டுக்குப் போ," என்றாள்.

வீட்டுக்குப் போனேன். தரையைக் கழுவினேன். ஒட்டிய பாகைக் கத்தியால் சுரண்டினேன், அதில் வந்தது எல்லாம் பாகு மட்டும் இல்லை. பிறகு, இது எனக்கே இன்றுவரை விளங்காத விஷயம், புதிதாக வெல்லம் கரைத்தேன். மிச்சமிருந்த இருபத்தெட்டுக் காடைகளையும் வாட்டி, பூசி, மறுபடி வாட்டி, ஆறு மணிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். குறைந்ததற்குப் பூனை என்று பொய் சொன்னேன். அந்த அம்மா மறுநாள் போன் பூத்திலிருந்து எங்கள் பக்கத்துக் கடைக்குப் போன் போட்டு, என்னைக் கூப்பிடச் சொல்லி, மகள் எலும்பைக்கூட விடவில்லை என்றார்.

அக்கா வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அவரோடு அவர் வீட்டுக்கே போய்விட்டாள். ஒரு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தேன். அவர் கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்தார். அக்கா கஞ்சியை ஸ்பூனால் ஊட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு பேருமே என்னைப் பார்க்கவில்லை. நான் வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பினேன். பஸ்ஸில் அழுதேன். உடம்பு தேறியதும் அவர் அவளைக் கொன்றுவிடுவார், அந்தக் கொலைக்கு நானே வழி செய்து கொடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு காலையில் அக்கா டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினாள்.

"கட்டுப் பிரிச்சாச்சு. சட்டப் போட்டுக்குறாரு, வேலைக்குப் போறாரு. இனிமே நான் அவருக்குச் செய்ய வேண்டியது ஒண்ணுமில்ல," என்றாள்.

"அடிக்கலயா?"

"வலது கை மேல போகல." பெட்டியைச் சுவரோரம் தள்ளி வைத்தாள். "போனாலும் அடிச்சிருக்கமாட்டாரு. நான் ராத்திரி மருந்து போடப் போனாக்கூட அவரு மொதல்ல என் கையத்தான் பாப்பாரு, என்னா வெச்சிருக்கேன்னு."

டீ போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். "அன்னிக்கு நீ பாகு கலக்குனத நான் பாத்தேன்டீ," என்றாள். "அவரு என் முடியப் புடிச்சிருந்தாரு, ஆனா உன் கை தெரிஞ்சுது. அதுக்குத்தான் அறைஞ்சேன். நீயும் அவர மாதிரி ஆயிட்டியேன்னு."

அவள் எழுந்து முகம் கழுவிவிட்டு, கேக்குக்கு எத்தனை ஆர்டர் வந்திருக்கிறது என்று கேட்டாள்.

அவர் வேலையை விட்டு ஓசூர்ப் பக்கம் அண்ணன் வீட்டோடு போய்விட்டதாக அடுத்த வருஷம் கேள்விப்பட்டோம். எங்கள் வீட்டுப் பக்கம் வரவே இல்லை. நாங்கள் சமையலறையை மாற்றவில்லை, காடையையும் நிறுத்தவில்லை. வருஷா வருஷம் மழை நாளில் யாராவது அதே காடையைக் கேட்டு வருவார்கள். கத்தரிக்கோல் என் கையில்தான்.

நாலைந்து வருஷம் கழித்துக் காடை வாங்கப் போயிருந்தபோது, ஆனேக்கல் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். ஓசூர் வண்டிக்காக நின்றுகொண்டிருந்தார். அந்த வெயிலிலும் கழுத்துவரை பட்டன் போட்டிருந்தார். காதுக்குக் கீழே தோல் சுருங்கி இழுத்திருந்தது, அதனால் தலை எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்தே இருந்தது. என்னைக் கண்டதும் அவர் பின்னால் நகர்ந்தார். ஒரு பெரிய மனிதர், நடுப்பகலில், அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில், என்னைப் பார்த்துப் பயந்தார்.

பாவம் என்று தோன்றியது. சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டில் எது பெரியது என்று அன்று நான் எடை போட்டுப் பார்க்கவில்லை. அவர் பஸ் வந்தது, முண்டியடித்து ஏறிப் போனார். என் காலடியில் கூடைக்குள் காடைகள் சளசளத்துக்கொண்டிருந்தன. பெங்களூர் பஸ் வர இன்னும் இருபது நிமிஷம் ஆயிற்று.