அத்தா வேண்டாம் என்ற பிறை

எங்கள் அத்தா பூந்தமல்லியில் தையல்கடை வைத்திருந்தார். முன்னறை கடை, பின்னறை வீடு. எண்பதுகளின் நடுவில் ஒரு ரம்ஜான். எனக்குப் பதினைந்து வயது. அன்று இருபத்தொன்பதாவது நோன்பு. அந்தியில் பிறை தெரிந்தால் மறுநாளே பெருநாள். தெரியாவிட்டால் இன்னும் ஒரு நோன்பு.

அந்த ஒரு நாள் அத்தாவுக்குத் தேவைப்பட்டது. வெட்டிப்போட்ட சட்டைகள் இருபதுக்குமேல் தைக்காமல் கிடந்தன. கேட்டு வந்தவர்களிடமெல்லாம், "இன்னிக்குப் பிறை வராது. நாளைக்கு சாயங்காலம் வந்து வாங்கிக்கினு போ" என்று அடித்துச் சொன்னார்.

அம்மாவுக்குச் சிரிப்பு. "பிறை இன்னா, நீங்க எடுக்குற அளவுக்கு வந்து நிக்குமா?"

"வானத்தப் பாரு, ஒரே மேகம். யாரும் மாடிக்குப் போவக்கூடாது. வேல தலைக்குமேல கீது."

எனக்கும் அந்த ஒரு நாள் வேண்டும்தான். ஜரிகைப் புள்ளி வைத்த என் பாவாடைத் துணி மடிப்புக் கலையாமல் அலமாரியில் இருந்தது. தையற்காரர் வீட்டுப் பெண்ணுக்கு எப்போதும் கடைசியில்தான் தைப்பார்கள்.

நோன்பு திறந்து கஞ்சியில் வாய் வைத்தபோது தூறல் விழுந்தது. கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. மாடிக்கு ஓடினேன். ஓடியவள் மேற்கே பார்க்காமல் இருப்பேனா? பாரிவாக்கம் பக்கம் மேகம் கொஞ்சம் விலகியிருந்தது. அந்த இடைவெளியில், வெட்டிய நகம்போல, பிறை.

பேசாமல் இறங்கியிருக்கலாம். அப்படியொரு நினைப்பு வருவதற்குள் வாய் கத்திவிட்டது. "அத்தா! பிறை! ஓடியாங்க!"

கழுத்தில் அளவு டேப்போடு அத்தா கோபமாக ஏறி வந்தார். பின்னால் அண்ணன். நான் கைநீட்டிய திசையில் பார்த்தார். கோபம் அப்படியே நின்றுபோனது. இரண்டு கையும் ஏந்தி துஆ ஓதினார். ஓதி முடிப்பதற்குள் மேகம் மூடிவிட்டது.

அண்ணன் மெதுவாகச் சொன்னான். "அத்தா, இந்த மேகத்துல வேற யாரும் பாத்திருக்க மாட்டாங்க. நாம கம்முனு இருந்துட்டா..."

"கம்முனு இருந்தா நாளைக்கு ஊரே பெருநாளன்னிக்கு நோன்பு வெச்சிகினு இருக்கும். அல்லா காட்டுனத நான் மறைக்கிறதா? செருப்ப மாட்டுடா. சாட்சிக்கு ரெண்டு பேர் வேணும்."

இருவரும் மழையிலேயே பள்ளிவாசலுக்கு ஓடினார்கள். நானும் அம்மாவும் வாசலில் காது கொடுத்து நின்றோம். கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கி கரகரத்தது. பிறை தெரிந்துவிட்டது, நாளை பெருநாள் என்ற அறிவிப்பு. 'அல்லாஹு அக்பர்' என்று தக்பீர் முழங்கியது. தெருவே கூச்சலிட்டது. நான் குதித்த குதியில் அம்மாவின் கால் மிதிபட்டது.

அத்தா திரும்பி வருமுன் கடைவாசலில் கூட்டம்.

"டைலர் பாய், பிறை வராதுன்னியே, இப்ப என் சட்ட எங்கே?"

"தைக்கல. பிறையப் பாத்தேன்னு சாட்சி சொல்லிட்டு வந்ததே நான்தான்."

சிரிப்பு வெடித்தது. கறிக்கடைக்காரர் கைலியை மடித்துக் கட்டி உட்கார்ந்தார். "பட்டன் தைக்க எனக்குத் தெரியும், குடு." பக்கத்து வீட்டுப் பெண்கள் பட்டன் துளைகளுக்குக் காஜா எடுக்க வந்தார்கள். எதிர்வீட்டு அண்ணாத்தே ஆவடி தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். சைக்கிளை நிறுத்திவிட்டு நேராக இஸ்திரிப் பெட்டியைப் பிடித்தார். "மெஷின நீ ஓட்டு பாய், சூடு காட்டுறத நான் பாத்துக்கறேன்." டீ வந்தது, பாட்டுக் கிளம்பியது. மெஷின் ஓயவேயில்லை.

விடிவதற்குள் மூன்று சட்டைகள் தவிர எல்லாம் முடிந்தன. என் பாவாடையைத் தொடக்கூட நேரமில்லை, பழையதையே கட்டிக்கொண்டேன். எனக்கு அது பெரிதாகவே படவில்லை. முதலில் பார்த்தது நான் என்று தெருவில் எதிர்ப்பட்டவரிடமெல்லாம் சொல்லித் தீரவில்லை.

தொழுகை முடிந்து வந்த அத்தா, சேமியாக் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டே தூங்கிப்போனார். வாழ்த்துச் சொல்ல வந்தவர்கள் அவரை எழுப்பாமல், தோளை மட்டும் மெல்லத் தொட்டுவிட்டுப் போனார்கள்.