மூன்று திரைக்கதைகளும் ஒரு கம்பெனி பஸ்ஸும்

சினிமாவுக்குக் கதை எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் பைத்தியம். பெங்களூரில் சின்னச் செலவில் படம் எடுக்கும் இயக்குநர் ஒருவர், “பேயோ, கொலையோ, காதலோ, இந்த மாசத்துக்குள்ள அனுப்புங்க சார். பிடிச்சா நீங்கதான் ரைட்டர்” என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

நான் ஒசூரில் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் தர ஆய்வாளன். செகண்ட் ஷிஃப்ட். மனைவிக்கு வேறொரு கம்பெனியில் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட். நான் திரும்பும்போது அவள் தூங்குவாள்; அவள் கிளம்பும்போது நான் தூங்குவேன். மத்தியானம் மத்திகிரி ஸ்டாப்பில் அவள் இறங்கி, என் கம்பெனி பஸ் வருவதற்குள் கிடைக்கும் ஐந்து நிமிடம்தான் வாரத்தில் ஆறு நாளும் எங்கள் குடும்ப வாழ்க்கை. நான் எழுதி வைப்பதைச் சாயங்காலம் படித்து, மறுநாள் அந்த ஐந்து நிமிடத்தில் தீர்ப்புச் சொல்வாள்.

முதலில் பேய்க் கதை. எங்கள் வேலையில் ஒரு பொருள் பழுதானால் ‘ஏன்’ என்று ஐந்து முறை கேட்டு, மூல காரணத்தைப் பிடித்து, கையெழுத்துப் போட வேண்டும். பழக்கதோஷம் விடுமா? கதாநாயகன் பேயிடம் ஐந்து முறை ‘ஏன்’ கேட்டான். எட்டாம் பக்கத்தில் மூல காரணம் கிடைத்து, பேய் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டது.

“ஏங்க, பேயைப் பார்த்து ஒருத்தருமே ஓட மாட்டேங்கறாங்க. எல்லாரும் ஹெல்மெட் போட்டுக்கிட்டு ஃபார்ம் எழுதறாங்க” என்றாள்.

அடுத்தது தொழிற்சாலைக்குள் நடக்கும் கொலை. யார் எப்போது வந்தார், போனார் என்பதெல்லாம் கம்பெனி கேட்டில் பதிவாகுமே, அதை எப்படி விடுவது? போலீஸ் பதிவேட்டைப் புரட்டியது. மூன்றாம் பக்கத்திலேயே கொலைகாரன் மாட்டிக்கொண்டான். மீதிப் பக்கங்களுக்கு வழி தெரியாமல் அவனுக்கு ஒரு பாட்டு வைத்தேன். மறுநாள் அவள் அந்தத் தாள்களை நாலாக மடித்து என் சட்டைப் பையில் செருகிவிட்டுப் போய்விட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

கடைசியில் காதல். காதலர்கள் ஏரிக்கரையில் உட்கார்ந்து பன்னிரண்டு பக்கம் பேசினார்கள்.

“இவ்ளோ நேரம் பேசறாங்களே, இவங்களுக்கு ஷிஃப்ட்டே கிடையாதா?” என்றாள். கிண்டல்தான். ஆனால் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்குச் சுருக்கென்றது.

எல்லாவற்றையும் கிழித்துப் போட்டுவிட்டு, பஸ் ஸ்டாப்பில் தினமும் ஐந்து நிமிடம் சந்திக்கும் கணவன் மனைவியை எழுதினேன். அவளிடம் காட்ட வெட்கமாக இருந்ததால் நேராக இயக்குநருக்கே அனுப்பினேன்.

அவர் போனில் கூப்பிட்டபோது ஸ்டாப்பில்தான் நின்றிருந்தேன். “எழுத்து நல்லாருக்கு சார். ஆனா ஒரே வீட்ல இருக்கற புருஷன் பொண்டாட்டி அஞ்சு நிமிஷம்தான் பார்த்துக்கறாங்கன்னா யாரு நம்புவாங்க? லாஜிக் இடிக்குது. வேண்டாம் சார்” என்று வைத்துவிட்டார்.

அப்போதுதான் இறங்கிய மனைவியிடம், எழுதியதையும் அவர் சொன்னதையும் ஒப்பித்தேன். ஒரு கணம் என்னையே பார்த்தாள். பிறகு டிபன் பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். “நம்ப மாட்டாங்களாமா?” என்று கேட்டுக் கேட்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். எனக்கும் தொற்றிக்கொண்டது. என் பஸ் வந்தது, ஹாரன் அடித்தது, போயே போய்விட்டது.

“வாங்க, வீட்டுக்குப் போலாம்” என்றாள். அந்த வெயிலில் நடந்தோம். இருவரும் சேர்ந்து வீட்டுக்குப் போய் எத்தனை நாளாயிற்று என்று எனக்கு நினைவில்லை, அவளுக்கு இருந்தது.