கண் மூடிய இருபத்திரண்டு படங்கள்

2023 ஜூன் 11, ஞாயிறு, காலை 10.40. அனல் காற்று. காவிரியில் இன்னும் தண்ணீர் வரவில்லை. ஸ்ரீரங்கத்தில் என் ஸ்டுடியோவுக்குக் கலைவாணியும் அவள் கணவரும் வந்து, முந்தின நாள் வாங்கிப்போன கல்யாண ஆல்பத்தை மேசையில் வைத்தார்கள். அவள் ஜீயபுரம் வாழைக்காய் வியாபாரி ஒருவரின் ஒரே பெண்.

கணவர் பக்கங்களைப் புரட்டினார். "சார், நாலு பக்கத்துக்குச் சமையல்காரர்தான் இருக்காரு. தாலி கட்டினது நானா அவரா?"

அவள் சிரிக்கவில்லை. "613 எங்க சார்? அப்பா என் கையைப் பிடிச்சுக் குடுக்கிற படம்."

அவள் அப்பா ஏப்ரலில் இறந்திருந்தார்.

நடந்தது இதுதான். பிப்ரவரியில், கேமராவின் மூலக் கோப்புகளான 1,864 ரா படங்களையும் சிறிய அளவில், குறுக்கே ஸ்டுடியோ பெயருடன் எக்ஸ்போர்ட் செய்தேன். கேமரா கோப்புகளுக்கு வைத்த எண்கள் தாறுமாறாக இருந்ததால் 1 முதல் வரிசை எண் கொடுத்தேன். பென் டிரைவைத் தந்து, ஆல்பத்துக்கு 120 எண்களை எழுதித் தரச் சொன்னேன். பட்டியல் வர மூன்று மாதம் ஆயிற்று. அதற்குள் ஹார்ட் டிஸ்க் நிறைந்தது. கண் மூடிய படங்கள் 22 இருந்தன. அவற்றை டிஸ்க்கிலிருந்தே அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தேன். பட்டியல் வந்ததும் பெரிய அளவில் மறுபடி எக்ஸ்போர்ட், மறுபடி 1 முதல். நடுநடுவே 22 குறைந்ததால் எண்கள் இடம் மாறிவிட்டன. நான் முகங்களைப் பார்க்கவில்லை. 120 இருக்கிறதா என்று மட்டும் எண்ணி அச்சுக்கு அனுப்பினேன்.

"அதுல அப்பா கண்ணை மூடியிருந்தாரும்மா. சரியில்லாத படம்னு எடுத்துட்டேன்."

"மூடித்தான் சார் இருப்பாரு. அழுகைய அடக்கிக்கிட்டு நின்னாரு."

மிச்சம் இருந்தது பென் டிரைவில் இருந்த சிறிய பிரதிதான். அதில் அவர் நெஞ்சின் குறுக்கே, பிடித்திருந்த கையின் மேலும், என் ஸ்டுடியோ பெயர். அதை நீக்க நான்கு நாள் முயன்றேன். படம் திருத்தும் வெளியாள் ஒருவரிடமும் கொடுத்தேன். எழுத்தை எடுத்த இடத்தில் அவள் விரல்களும் போயின.

"விடுங்க சார். உங்க பேரோடயே மாட்டிக்கிறேன்" என்றாள்.

இத்தொழிலுக்கு வருபவர்களே, கேமரா எண்ணைக் கோப்பின் பெயரில் அப்படியே விடுங்கள். பட்டியல் வரும்வரை எதையும் அழிக்காதீர்கள். எது சரியில்லாத படம் என்று வீட்டுக்காரர்கள் சொல்லட்டும்.

அந்த 22 படங்களை அழித்ததில் டிஸ்க்கில் கிடைத்த இடம் ஒரு ஜிபிகூட இல்லை. ஆல்பத்தை என் செலவில் மறுபடி அச்சிட 18,400, வெளியாளுக்கு 2,500. ஆக 20,900 ரூபாய்.