கயிறு பிடித்து விதைத்த நெல்

என் கணவர் என் முகத்தைப் பார்த்ததில்லை. சண்டையின் கடைசி மாதங்களில் அவருக்கு இரண்டு கண்களும் போயின. அதற்குச் சில வருடங்கள் கழித்துத்தான் எங்கள் கலியாணம் நடந்தது. பெண் பார்க்க என்று கனகராயன்குளத்துக்கு, எங்கள் வீட்டுக்கு வந்தவர், கதிரையில் உட்கார்ந்து தேத்தண்ணியைக் குடித்துவிட்டு என்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "உங்கட வீட்டுக்குப் பின்னால வயலோ?" என்றுதான் கேட்டார். "ஓம்" என்றேன். "கதிர் முத்தீட்டுது போல. சத்தத்தில தெரியுது" என்றார். முரசுமோட்டையில், வாய்க்கால் தண்ணீர் வாசல்வரை வரும் வயல்களுக்கு நடுவே வளர்ந்தவர். அன்று அந்த ஒரு கேள்வி எனக்குப் போதுமாக இருந்தது.

அப்பா எனக்குத் தந்தது துணுக்காய்ப் பக்கத்தில் ஒரு மேட்டுக்காணி. செம்மண், அதற்குள் கிரவல் என்கிற சரளைக் கல். குளத்து வாய்க்கால் எங்கள் வேலிக்குக் கீழே, பள்ளத்தில் போகிறது. அந்தத் தண்ணீர் ஒருநாளும் மேலே ஏறாது. கச்சான் கடலை போட்டோம், கௌபிப் பயறு போட்டோம், உழுந்து போட்டோம். வருடங்கள் அப்படியே போயின. ஒரு ஆவணி மாதம், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இவர் சொன்னார்:

"இந்த முறை நெல்லு விதைப்பம்."

"எங்க? கீழ குத்தகைக்கு எடுக்கவோ?"

"இல்லை, இஞ்சதான். மேட்டில."

"தண்ணி?"

"மழை வரும்தானே."

எனக்கு விளங்கவில்லை. கச்சானில் என்ன குறை என்று கேட்டேன். "கச்சான் மண்ணுக்குள்ள கிடக்கு. கௌபியைத் தேடிக் குனியவேணும். நெல்லெண்டா எழும்பி வந்து என்ர கையைத் தொடும்" என்றார்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் குடியிருந்தவள் இதைக் கேட்டுச் சிரித்தாள். அவளுடைய தாய் தகப்பன் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து வன்னிக்கு வந்தவர்கள். அவள் இங்கேயே பிறந்தவள். என்னைவிட இளையவள். அவளும் புருசனும் பள்ளத்தில் வயல் எடுத்துச் செய்துகொண்டிருந்தார்கள். "மேட்டுல போயி நெல்லாக்கா? மயிலுக்குத்தான் நல்ல சாப்பாடு" என்றாள். ஆனாலும் விதைப்பன்று காலையில் முதல் ஆளாக வந்து நின்றாள்.

புரட்டாசி முடியும் நேரம். மழை இன்னும் தொடங்கவில்லை. உழவு மெசின் உழுதுவிட்டுப் போன மண் மாவாகக் கிடந்தது. அந்தப் புழுதியிலேயே விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருக்க வேண்டும். காணியின் இரண்டு பக்கமும் தடி நட்டு, நடுவே நைலோன் கயிறு கட்டினோம். ஒரு தடியில் நான், மற்றதில் அவள். இவர் இடதுகையால் கயிற்றைத் தொட்டபடி, இடுப்பில் கட்டிய பையில் இருந்து வலதுகையால் விதையை எறிந்து எறிந்து நடந்தார். ஒரு கரையை அடைந்ததும் நாங்கள் தடிகளைப் பிடுங்கித் தள்ளி நடுவோம். அவர் திரும்பி நடப்பார்.

வீட்டுக்குள் சுவரைத் தொட்டுத் தொட்டு அடி வைக்கிறவர். அன்று அவர் நடந்ததை நான் எப்படிச் சொல்வேன்? ஒவ்வொரு அடிக்கும் புழுதி எழும்பி முழங்கால்வரை நின்றது. காலை வெயில் அதில் விழுந்து மஞ்சளாக இருந்தது. அவர் நிலத்தில் நடக்கவில்லை, வெளிச்சத்துக்கு மேலே நடக்கிறார் என்றுதான் எனக்குப் பட்டது. தடியைப் பிடுங்க மறந்து நின்றேன். "அக்கா, கயிறு!" என்று அவள் அங்கிருந்து கத்தினாள்.

ஐப்பசியில் ஒரு சிறு மழை பெய்தது. ஒரு கிழமைக்குள் முளை வந்துவிட்டது. இவர் முழங்காலிட்டு, உள்ளங்கையை விரித்து மண்ணுக்கு மேலால் மெதுவாக ஓட்டினார்.

"வந்திட்டுது. என்ன நிறம்?"

"பச்சைதான்."

"பச்சையில எத்தினை இருக்கு. வடிவாப் பார்த்துச் சொல்லும்."

நான் அவருக்குப் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தேன். அதுவரை ஒரு முளையை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. "வாழைக்குருத்து விரியிறதுக்கு முதல் உள்ளுக்குத் தெரியுமே, அந்தப் பச்சை. நுனி மட்டும் கொஞ்சம் சிவப்பு" என்றேன். அவர் தலையை ஆட்டினார். அன்று முழுக்க எங்கோ பார்த்துக்கொண்டிருப்பவரைப் போல இருந்தார்.

அதற்குப் பிறகு மழை நின்றுவிட்டது. மத்தியானத்தில் இலைகள் ஊசியாகச் சுருண்டன. விடிய மறுபடி விரிந்தன. ஒவ்வொரு காலையும் இவர் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்துதான் முகம் கழுவுவார். ஒருநாள் காலையில் திரும்பி வந்து வாசலில் நின்றார். "இண்டைக்கு விரியேல்லை" என்றார்.

கிணற்றில் எங்களுக்குக் குடிக்க மட்டும்தான் தண்ணீர். எனக்கு மனம் கேட்கவில்லை. வாளியில் அள்ளிக்கொண்டுபோய் ஒரு மூலைக்கு ஊற்றத் தொடங்கினேன். இவர் சத்தம் கேட்டு வந்து வாளியைப் பிடித்தார்.

"விடும். மேலால ஊத்தினா வேர் மேல வந்திடும். கீழ தேடிப் போகட்டும்."

"செத்துப் போனா?"

"செத்தா நாங்கள் என்ன செய்யிறது? புல்லைப் பிடுங்குவம், வாரும். இருக்கிற ஈரத்தையாவது அது தனிய குடிக்கட்டும்."

நெல்லையும் புல்லையும் அவர் விரலால்தான் பிரித்தார். கோரையின் தண்டு மூன்று பக்கமாக இருக்கும். அது கையில் பிடிபட்டவுடன் இழுத்துவிடுவார். நெற்சப்பி என்கிற புல்தான் கஷ்டம். பார்த்தால் அசல் நெல். ஆனால் நெல்லில் இலையும் தண்டும் சேரும் இடத்தில் சின்னதாக ஒரு தோலும் மயிரும் இருக்கும், புல்லில் அது வழவழப்பாக இருக்கும். கண்ணால் பார்த்துப் பிடுங்கிய நான் நெல்லையும் சேர்த்துப் பிடுங்கினேன். இரண்டு நாள் போனதும் நானும் கண்ணை மூடிக்கொண்டேன். மூடினால் வெயில் இமைக்குள் செம்மண் நிறமாகத் தெரிந்தது. பக்கத்தில் அவருடைய மூச்சும் வேர் அறுகிற மெல்லிய சத்தமும். எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

கார்த்திகை தொடங்கி, ஒரு பின்னேரம் மழை வந்தது. நான் குசினியில் சமைத்துக்கொண்டிருந்தேன். குடையை எடுத்துக்கொண்டு ஓடினேன். இவர் பயிருக்கு நடுவே கையை விரித்துக்கொண்டு நின்றார். "உள்ளுக்கு வாங்கோ" என்றேன். "நீரும் நில்லும்" என்றார். குடையை விரிக்காமலே நின்றேன். கிரவல் கற்கள் ஒவ்வொன்றாகக் கழுவப்பட்டுச் சிவந்தன.

கேட்ட மழை கிடைத்தது. பிறகு கேட்காத மழையும் வந்தது. நாலைந்து நாட்கள் விடாமல் பெய்து குளம் நிரம்பி வழிந்து வான் பாய்ந்தது. மேட்டில் இருந்து தண்ணீர் வழிந்தோடிவிட்டது. ஒரு கரையில் மண் அரித்ததைத் தவிர எங்களுக்குச் சேதம் இல்லை. கீழே வயல் இருந்த இடத்தில் வானம்தான் தெரிந்தது. வரம்பும் இல்லை, பாதையும் இல்லை. கொக்குகள் முகிலுக்கு நடுவே நிற்பது போல நின்றன.

"கீழ எப்பிடி இருக்கு?" என்று இவர் கேட்டார்.

அது பார்க்க அழகாக இருந்தது. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ஒண்டும் தெரியேல்லை. எல்லாம் தண்ணி" என்றேன்.

மழை விட்ட அன்று அவள் மேலே ஏறி வந்தாள். பாவாடை இடுப்புவரை சேறு. எங்கள் வேலியைத் தாண்டி நேராகப் பயிருக்குள் போய் நின்றாள்.

"எல்லாம் அழுகிப்போச்சுக்கா. கொஞ்ச நேரம் இங்க நிக்கவா?"

"நில்லு பிள்ளை" என்றேன்.

அதற்குப் பிறகு அவள் புருசன் கூலி வேலைக்குப் போகத் தொடங்கினான். வீட்டில் தனியே இருக்க அவளால் முடியவில்லை. கதிர் வந்து பால் பிடித்ததும் மயில்கள் வந்தன. இவர் பழைய தகரம் ஒன்றை அவளிடம் நீட்டி, "நான் காது, நீ கண். காவல் இருப்பமோ?" என்றார். காலையும் பின்னேரமும் இரண்டு பேரும் வேலியோரப் பாலை மரத்தடியில் இருந்தார்கள். "தெற்கால ஒண்டு இறங்குது" என்பார் இவர். "ரெண்டுண்ணே!" என்று அவள் தகரத்தை அடித்துக்கொண்டு ஓடுவாள். ஒருநாள் அவள் சத்தமாகச் சிரித்ததைக் குசினியில் இருந்து கேட்டேன்.

தை கடைசியில் வெட்டினோம். இவ்வளவு சின்னக் காணிக்கு வெட்டு மெசின் வராது. இவரும் அரிவாளோடு இறங்கினார். ஒவ்வொரு பிடிக்கும் அவருடைய விரல்களையே பார்த்தேன். ஒரு விரலிலும் காயம் படவில்லை. கிரவல் கூடிய பக்கம் முழுக்கச் சப்பி, உள்ளே அரிசி இல்லாத வெறும் உமி. மற்றப் பக்கம் மணி பிடித்திருந்தது. சாக்குப் படங்கை விரித்துப் போட்டு மிதித்து, காற்றில் தூற்றி, சில பைகள் கட்டினோம். கீழ் வயல் விளைந்த வருடங்களில் அதைப் பார்த்தால் யாரும் விளைச்சல் என்று சொல்லமாட்டார்கள்.

இவர் கையை விட்டு அளைந்து, பாரமான மணியாக ஒரு பையை ஒதுக்கி அவள் பக்கம் தள்ளினார்.

"சித்திரையில சிறுபோகத்துக்கு விதைச்சுக்கொள்ளு."

"மேட்டு நெல்லு வயல்ல வருமாண்ணே?"

"தண்ணியைக் கண்டா அதுக்குப் புழுகம் தாங்காது, துள்ளிக்கொண்டு வளரும்."

அடுத்த நாள் புது நெல்லில் கொஞ்சம் குத்தி, மத்தியானம் அந்த அரிசியில் சோறு காய்ச்சினேன். சிவப்புச் சோறு, தேங்காய்ச் சம்பல், கத்தரிக்காய்ப் பால்கறி. பாலை மரத்தடியில் படங்கை விரித்து மூன்று பேரும் சாப்பிட்டோம். சாப்பிட்ட கை காய்வதற்கு முதலே அவள் அப்படியே சரிந்து நித்திரையாகிவிட்டாள். வெள்ளத்துக்குப் பிறகு அவள் ஒழுங்காகப் படுத்ததில்லை என்று எனக்குத் தெரியும்.

"நித்திரையோ?" என்று இவர் மெல்லக் கேட்டார்.

"ஓம்."

"வெயில் படுதோ?"

"இப்ப இல்லை. கொஞ்சத்தால பட்டிடும்."

இவர் எழும்பித் தடவிப் போய்ச் தான் உடுத்தும் சாரம் ஒன்றை எடுத்து வந்தார். ஒரு முனையை மரத்தில் நான் கட்டினேன். மற்ற முனையை அவளுக்கு மேலாக அவர் பிடித்துக்கொண்டார். வெயில் திரும்பும்போதெல்லாம் நான் சொன்னேன், அவர் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தார். வெட்டு முடிந்த அரிதாள் கட்டைகளுக்குள் மாடுகள் இறங்கி மேயத் தொடங்கின. யாரும் அவற்றைத் துரத்தவில்லை.