கீழ்வரிசைப் பற்கள்

என் மேல்வரிசைப் பற்கள் வெள்ளை. கீழ்வரிசை காவி. வாயைத் திறந்து சிரித்தால் யாருக்கும் தெரியும். "ஏன் பிள்ளை, பாதியில விட்டனீ?" என்று கேட்பவர்களிடம், கூசுகிறது என்று ஒரு நாள் சொல்வேன், டொக்டர் வெளிநாடு போய்விட்டார் என்று இன்னொரு நாள் சொல்வேன். உண்மையைச் சொன்னால் கேட்டவரின் முகம் கறுத்துவிடும். பிறகு நான்தான் அவரைத் தேற்ற வேண்டும். அதற்கு எனக்குப் பொறுமை இல்லை.

காவி என்றால் வெற்றிலைக் காவி இல்லை. தர்மபுரத்துப் பக்கம் நாங்கள் குடித்து வளர்ந்த கிணற்றுத் தண்ணீரில் புளோரைட் அதிகம். அதன் வேலை. பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கும்போதே மண்ணிறக் கோடுகளோடுதான் வரும். அம்மாவும் அப்பாவும் யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, வயல் செய்ய இங்கே வந்து குடியேறியவர்கள். அவர்களுடைய பல்லில் கறை கிடையாது. வீட்டில் எனக்கும் அண்ணாவுக்கும்தான்.

அண்ணா கடைசிச் சண்டைக் காலத்தில், நாங்கள் இடம்பெயர்ந்து கிடந்த ஒரு வெட்டைவெளியில், பிளாஸ்டிக் கானைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் எடுக்கப் போனவன். திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு அம்மா ஏறி இறங்காத அரசாங்கக் கந்தோர் இல்லை. போகிற இடமெல்லாம் அடையாளம் என்ன என்று கேட்பார்கள். அண்ணாவுக்கு மச்சமும் இல்லை, தழும்பும் இல்லை. அப்போது அம்மா என் தாடையைப் பிடித்து அவர்கள் பக்கம் திருப்புவார்.

"ஈ எண்டு காட்டு பிள்ளை. அவனுக்கும் இதே பல்லுத்தான் சேர். அச்சு அசல் இதே காவி."

சின்ன வயதில் அது ஒரு விளையாட்டு மாதிரி இருந்தது. வளர வளர எரிச்சல் வந்தது. மாட்டை விலை பேசுகிறவன் அதன் வாயைப் பிளந்து பார்ப்பதுபோல, கதிரையில் இருக்கிற ஒவ்வொரு துரையும் என் வாயைப் பார்த்தான். எங்கள் வீதியில் பாதிப் பிள்ளைகளுக்கு இந்தக் காவி இருந்தது அம்மாவுக்குத் தெரியாததல்ல. ஆனால் தன் பிள்ளைகளின் காவி வேறு என்றுதான் அவர் நம்பினார். அந்தக் கோட்டின் வளைவு, நிறம் எல்லாம் தனி என்பார். மறுத்துக் கதைத்தால் அழுவார்.

நான் மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்தபோது கொரோனா வந்தது. ஊர் உலகமெல்லாம் பயந்து சாக, நான் ஒருத்தி மாஸ்க்குக்குள்ளே நிம்மதியாக இருந்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் என் வாழ்க்கையில் நான் நன்றாகச் சிரித்த காலம் அதுதான். மாஸ்க்கைக் கழற்றலாம் என்றார்கள். என் சிரிப்பும் அதோடு போனது.

பிறகு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் பல் தெரியச் சிரித்த படம் ஒன்று கேட்டார்கள். அனுப்பினேன். அதற்குப் பிறகு அவர்களிடமிருந்து ஒரு கதையும் இல்லை. கோதாரி விழுந்த படம்! அன்றிலிருந்து கைபேசியில் கண்ட வீடியோவையெல்லாம் பார்த்து, உமிக்கரியால் தேய்த்தேன். தேசிக்காய்ப் புளியில் அப்பச்சோடாவைக் குழைத்துத் தேய்த்தேன். பல்முரசு வெந்தது, தேத்தண்ணி குடித்தால் உச்சி வரைக்கும் கூசியது. காவி மட்டும் அப்படியே இருந்தது.

கடைசியில் வவுனியாவில் ஒரு பல் டொக்டரிடம் போனேன். என் வாயைப் பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது.

"தேசிக்காய் போட்டனீங்களோ தங்கச்சி?"

"ஓம் டொக்டர்."

"புளி பல்லைக் கரைக்கும், கரி பல்லைத் தேய்க்கும். ரெண்டும் வெள்ளையாக்காது. பல்லின்ர மேல்படை ஒருக்காப் போனா பிறகு வளராது, கண்டியளோ. உங்கட கறை வெளியில ஒட்டினதில்லை, பல்லோட சேந்து முளைச்சது."

பாதுகாப்பான வழியையும் அவரே சொன்னார். முதலில் கூச்சத்தை ஆற்றவேண்டும். பிறகு பல்லைச் சுத்தம் செய்து, கறையின் மேல்படையை மெல்லியதாக அவரே எடுப்பார். அதன்பின் என் பல்லுக்கு அளவெடுத்துச் செய்த உறையில் வெளிறவைக்கும் மருந்தைப் போட்டு, அவர் சொன்ன அளவுக்கு மட்டும் நான் வீட்டில் மாட்டவேண்டும். கூசினால் உடனே நிறுத்தவேண்டும். அதற்கும் போகாத ஆழக் கறையைப் பல்நிறப் பசையால் மூடலாம். "கடதாசி வெள்ளை வராது. பால் வெள்ளை வரும். அது காணும்" என்றார். எனக்கு அது தாராளமாகப் போதும்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டார்.

"கண்டறியாத சிரிப்பு! உன்ர பல்லை வெள்ளையாக்கினா நான் எதைக் காட்டிறது? அவனை என்னத்தைக் கொண்டு கண்டுபிடிக்கிறது?"

"அண்ணாவைத் தேட என்ர வாய்தானோ கிடைச்சது? நான் உயிரோட இருக்கிறன் அம்மா. என்னையும் ஒருக்காப் பாருங்கோ."

அம்மா திரும்பித் தேங்காயைத் துருவத் தொடங்கினார். அந்தக் கிழமை முழுக்க என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அப்பா செத்த பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். கதைக்காமல் இருந்தால் வீடு சுடலை மாதிரிக் கிடக்கும். பிறகு ஒரு காலை, எனக்குப் புட்டைப் போட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"மேல்வரிசை உனக்கு. கீழ்வரிசையை அவனுக்கு விடு."

எனக்குக் கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது, ஆனாலும் ஓம் என்றேன். டொக்டரிடம் காரணத்தைச் சொன்னேன். அவர் ஒன்றும் கேட்காமல் மேல்வரிசைக்கு மட்டும் அச்செடுத்தார். மெல்ல மெல்ல வெளிறியது. சொன்னதுபோலவே பால் வெள்ளை. கலியாணம் சரிவந்ததா என்று கேட்காதீர்கள். கடையில் வாயைப் பொத்தாமல் கதைக்கிறேன், அது போதும்.

பிறகு முல்லைத்தீவுப் பக்கம் ஒரு காணியில் கிணறு வெட்டப்போய் எலும்புகள் வந்தன. கூடக் கிடந்த உடுப்புகளை ஒரு மண்டபத்தில் பரப்பி வைத்திருப்பதாகவும், காணாமல் போனவர்களின் குடும்பங்கள் வந்து பார்க்கலாம் என்றும் அறிவித்தார்கள். அம்மா வெளிக்கிட்டார். "நீயும் வா" என்றார். எதற்கென்று எனக்குத் தெரியும். மண்டபத்து வாசலில் இருந்த பைப்படியில் என்னை வாய் கொப்பளிக்கச் சொன்னார். கொப்பளித்தேன்.

உள்ளே வரிசையாகப் பெண்கள். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு வைத்தியர். எங்களுக்கு முன்னால் அம்மாவின் வயதில் ஒரு மனுசி நின்றார். அவர் வைத்தியரிடம் குனிந்து சொன்னார்:

"என்ர மகனுக்குப் பல்லில காவி, ஐயா. மண்ணிறக் கோடு. மற்றப் பிள்ளையளுக்கு இருக்கிற மாதிரி இல்லை, அவன்ரது வேற மாதிரி. நான் பாத்தாச் சொல்லுவன்."

அம்மாவின் கை என் மணிக்கட்டை இறுக்கியது.

வைத்தியர் எரிந்து விழவில்லை. அவர் களைத்துப்போயிருந்தார். "அம்மா, இதில கிடைச்ச பல்லுகள் கனக்க அப்பிடித்தான் இருக்குது. இந்தத் தண்ணி குடிச்சு வளந்த ஆக்களுக்கெல்லாம் அந்தக் காவி வரும். அதை வைச்சு இவர்தான் எண்டு சொல்லேலாது. ரத்தம் எடுத்துப் பாக்கிற ஏற்பாடு வந்தா அறிவிப்பம். இப்ப உடுப்பைப் பாருங்கோ."

அந்த மனுசி நகரவில்லை. "வடிவாப் பாருங்கோ ஐயா, வேற மாதிரி" என்று திரும்பவும் சொன்னார். பின்னால் நின்ற ஒருவர் அவரை மெல்ல அணைத்துக் கூட்டிக்கொண்டு போனார்.

எங்கள் முறை வந்தது. அம்மாவின் கை வழக்கம்போல என் தாடைக்கு வந்தது. நான் வாயைத் திறக்க ஆயத்தமாக இருந்தேன். இத்தனை வருடத்தில் நான் மனதார ஆயத்தமாக இருந்தது அன்றுதான். கை கன்னத்தில் பட்டு, அப்படியே கீழே இறங்கிவிட்டது.

"சொல்லுங்கோ அம்மா, ஏதும் அடையாளம்?"

"ஒண்டுமில்லை ஐயா. உடுப்பைப் பாக்கிறம்."

பார்த்தோம். அண்ணாவுடையது ஒன்றும் இல்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இருக்க இடம் கிடைத்தது. அம்மா டிக்கெட்டை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். பிறகு கேட்டார்:

"அந்தப் பல்லு டொக்டர் இன்னும் வவுனியாவிலயோ?"

"ஓம். ஏன்?"

"கீழையும் செய்விச்சுப்போடு பிள்ளை."

இந்த வார்த்தைக்காகத்தான் நான் சண்டை பிடித்தேன். அது வந்தபோது, "என்ன விசர்க்கதை அம்மா, நான் செய்ய மாட்டன்" என்று பஸ்ஸில் ஆட்கள் திரும்பிப் பார்க்கக் கத்தினேன். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பி, அவர் கேட்காமலே, கீழுதட்டை விரலால் இழுத்து ஈ என்று காட்டினேன்.

அம்மா பார்க்கவில்லை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.