தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை வாசித்த கதை

என்னைப் பெற்றவளை நான் "அக்கா" என்றுதான் கூப்பிட்டேன். கூப்பிட வைத்தார்கள். எனக்கு முன்னால் பிறந்த இரண்டும் தொட்டிலிலேயே போய்விட்டன. அதனால் நான் பிறந்ததும் பக்கத்து வீட்டுக்காரியின் கையில் என்னைக் கொடுத்து, பிறகு ஒரு முறம் தவிட்டை அவளுக்குக் கொடுத்துத் திரும்ப வாங்கினார்களாம். எமன் வந்து கேட்டால், "இது நான் பெத்தது இல்லை, தவிட்டுக்கு வாங்கினது" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாமாம். வாங்கின பிள்ளை அம்மா என்று கூப்பிட்டால் குட்டு உடைந்துவிடாதா? அதற்காகத்தான் அக்கா.

அதுகூடப் பரவாயில்லை. எனக்குப் பின்னால் தம்பி பிறந்தான். தோஷம் என்னோடு போய்விட்டதாம், அவனுக்குத் தவிடும் வேண்டாம், ஒன்றும் வேண்டாமாம். பொழுது விடிந்தால் அம்மா, பொழுது சாய்ந்தால் அம்மா என்று அவன் நாள் முழுக்கக் கத்துவான். அவனுக்குச் சோற்றைப் பிசைந்து உருட்டி ஊட்டுவாள். எனக்குத் தட்டைத் தள்ளி விடுவாள். என் தலையில் பேன் புழுத்துக் கிடந்தது.

"ஏன்டி, இவளும் நீ பெத்த புள்ளதானே, தலையைக் கொஞ்சம் பார்க்கக் கூடாதா?" என்று என்னை 'வாங்கி விற்ற' அந்தப் பக்கத்து வீட்டுக்காரியே ஒருநாள் கேட்டாள்.

"தவிட்டுப் புள்ளைக்கு இது போதும்க்கா" என்றாள் என்னைப் பெற்ற மகராசி. இருவரும் சிரித்தார்கள்.

நாங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் இருந்தோம். அப்பா ரயிலில் கரி தள்ளுகிறவர். கிள்ளான் துறைமுகத்துக்குப் போகும்போது, கப்பலில் மதராஸிலிருந்து வந்த நாவல்களை அங்கே ஒரு கடையிலிருந்து வாங்கி வருவார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. தமிழ்ப் பள்ளியில் கொஞ்ச காலம் படித்த எனக்குத்தான் தெரியும். நான் அந்தப் புத்தகங்களில் துப்பறியும் ஆளையும் தேடவில்லை, ராஜகுமாரனையும் தேடவில்லை. அம்மாக்களைத் தேடினேன். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஈரத்துணியோடு உட்கார்ந்திருக்கும் அம்மா, மகள் பசியோடு வருவாள் என்று சோற்றை மூடி வைத்துக் காத்திருக்கும் அம்மா. யாரைப் பிடிக்கிறதோ அவளை அந்த வாரத்துக்கு என் அம்மாவாக வைத்துக்கொள்வேன். கதையில் அவள் செத்துப்போனால் அதற்கு மேல் படிக்க மாட்டேன்.

மத்தியானங்களில் குழாயடிக்குப் பக்கத்தில் பெண்கள் கூடுவார்கள். அவர்கள் நெத்திலிக்குத் தலை கிள்ளுவார்கள், நான் உரக்க வாசிப்பேன். என்னைப் பெற்றவளும் தம்பியை மடியில் போட்டுக்கொண்டு முன்னால் உட்காருவாள். கதையில் மகள் "அம்மா" என்று கூப்பிடும் இடம் வந்தால், அவள் முகத்தை நேராகப் பார்த்து அந்த வார்த்தையைச் சொல்வேன். யாரால் தடுக்க முடியும், புத்தகத்தில் போட்டிருக்கிறதே! சின்ன வயதில் தொலைந்துபோன ஒரு பெண்ணின் கதை அப்போது ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் காகிதப் பெண்ணுக்காக அவள் முந்தானையால் கண்ணைத் துடைப்பாள். எனக்கு ஆத்திரம் பொங்கும்.

அந்தக் கதை முடியும் தறுவாயில் ஒருநாள், வடித்துக்கொண்டிருந்த கஞ்சி என் காலில் கொட்டிவிட்டது. வலியில் "அம்மா!" என்று அலறிவிட்டேன். ஓடி வந்தவள் காலைப் பார்க்கவில்லை. வாயிலேயே ஓங்கி அறைந்தாள்.

"யாருடி அம்மா? உன் வாய் அடங்காதா? என் புள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?"

என் புள்ள. அது தம்பி. அன்றைக்கு முடிவு செய்தேன், உனக்கு வைக்கிறேன் இரு என்று.

கால் கட்டோடு கடைசி அத்தியாயத்துக்கு உட்கார்ந்தேன். புத்தகத்தில் இருந்தது இதுதான்: தொலைந்த மகள் வீடு தேடி வருகிறாள், தாய் அழுது மன்னிப்புக் கேட்கிறாள், மகள் அம்மா என்று காலில் விழுகிறாள். நான் பக்கத்தைப் பார்த்தபடியே வேறு வாசித்தேன். மகள் வாசலிலேயே நின்றாள். "எனக்கு அம்மா செத்து ரொம்ப நாளாச்சு" என்று சொல்லிவிட்டு ரயிலேறிப் போய்விட்டாள். முற்றும்.

"அடிப்பாவி! அப்படியா போட்டிருக்கு?" என்று பெண்கள் கூச்சல் போட்டார்கள்.

"அச்சுல இருக்கிறதைத்தானே வாசிக்கிறேன்" என்றேன். என்னைப் பெற்றவள் தம்பியை இறக்கி விட்டுவிட்டு எழுந்து போனாள்.

மறுநாள் பாசாருக்குப் போய் மீனும் காயும் வாங்கி வந்தவள் சட்டியைக்கூட அடுப்பில் ஏற்றாமல், அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு என் பின்னால் வந்து உட்கார்ந்தாள். என் தலையில் எண்ணெய் வைத்தாள். அந்த விரல்கள் என் தலையில் பட்டது எனக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை. அப்படியே அவள் மடியில் சாய்ந்துவிடலாம் போல இருந்தது.

"நல்லாப் பாரும்மா. எங்கயாச்சும் ஒரு பக்கம் விட்டுப்போயிருக்கும். அவ திரும்பி வந்திருப்பா."

புத்தகத்தைப் பிரித்தேன். மகள் காலில் விழும் பக்கம் கண்ணெதிரே கிடந்தது. அவள் எட்டிப் பார்த்தாள், அவளுக்கு அது வெறும் கறுப்பு வரிசை.

"இல்ல. வர மாட்டா."

பேன் சீப்பை எடுத்து என் தலையை வாரத் தொடங்கினாள்.

"அந்தத் தாய்க்காரி பாவம் என்ன செய்வா? புள்ள பொழைச்சாப் போதும்னு பயந்தவ" என்றாள். பிறகு, என் காதுக்கு மட்டும் கேட்கும்படி, "இனிமே நீ என்னை அம்மான்னே கூப்பிடு" என்றாள்.

எத்தனை புத்தகங்களில் தேடிய வார்த்தை! நாக்கு நுனி வரை வந்தது. அறை வாங்கிய உதடு இன்னும் வீங்கியிருந்தது.

"சரிக்கா" என்றேன். அவள் சாகும் வரை அப்படியேதான் கூப்பிட்டேன்.